பந்தயத் திடலுக்கு எந்த வானொலி?

மோட்டார் பந்தயத்தைக் கண்ணால் மட்டும் பார்ப்பவர் பாதிப் பந்தயத்தையே பார்க்கிறார் என்று சொன்னால் நம் கல்லூரி நண்பர்கள் சிலர் சண்டைக்கே வந்துவிடுவர். ஆயினும் உண்மை அதுதான். 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, 3.5 கிலோமீட்டர் நீளமுள்ள தெருப் பாதையில், விளக்கொளியில் இரவுப் பந்தயம் நடந்ததல்லவா? அதிலிருந்து தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்து இளைஞர்களுக்கும் இந்த ஆசை பற்றிக்கொண்டது. பொதிகை விரைவு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து பந்தயம் பார்க்கப் போகத் துணிந்தவர்கள் இப்போது அடுத்த கேள்விக்கு வந்திருக்கிறார்கள். ஓட்டுநரும் அவருடைய குழுவினரும் வானொலியில் பேசிக்கொள்வதைக் கேட்கக் கையடக்க ஸ்கேனர் ஒன்று வாங்க வேண்டுமாம். எதை வாங்கலாம்?

இயற்பியல் படிக்கிறவன் என்ற குற்றத்துக்காக இக்கேள்வி என்னிடம் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை சொல்லுவதைவிட நம் ஆண்டு மலரிலேயே எழுதிவிடலாம் என்று துணிந்தேன். விடை பலருக்கு உவப்பாக இராது என்பதையும் முன்னரே சொல்லிவிடுகிறேன்.

முதலில், ஆசை நியாயமானதே. வளைவு ஒன்றின் ஓரத்தில் நிற்பவனுக்கு ஒரு கார் இரண்டு மூன்று நொடிகள் தெரியும், பிறகு மறைந்துவிடும். மீண்டும் அது கண்ணில் பட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில்தான் பந்தயம் நடக்கிறது. யார் சக்கரம் மாற்ற உள்ளே போனார், யாருக்கு எரிபொருள் குறைகிறது, முன்னால் போனவர் ஏன் திடீரென்று பின்தங்கினார் என்பதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? நம் தந்தையர் காலத்தில் சேப்பாக்கம் மைதானத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்தவர்கள்கூடக் காதில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டே பார்த்தார்கள். பந்து கண்முன்னே ஓடினாலும் அதன் பொருள் வானொலியில் இருந்தது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்களின் தமிழ் வருணனையை இன்றும் சிலாகித்துப் பேசுகிற பெரியவர்கள் நம் ஊரில் உண்டு. கிரிக்கெட்டுக்கே அப்படி என்றால், மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிகளுக்குக் கேட்க வேண்டுமா?

வானொலியைக் கேட்டவனுக்கு மட்டுமே விளங்கிய பந்தயம் ஒன்றைச் சொல்கிறேன். 2010 ஜூலையில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் திடலில் பெலிப்பே மாஸா முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தார். அவருடைய குழுவைச் சேர்ந்த அலோன்சோ அடுத்து வந்தார். அலோன்சோ உன்னைவிட வேகமாக வருகிறார், புரிகிறதா என்ற கருத்தில் மாஸாவின் பொறியாளர் வானொலியில் பேசினார். சில வளைவுகள் கழித்து மாஸா வேகத்தைத் தளர்த்தினார், அலோன்சோ கடந்து போனார். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவன் கண்டது ஒரு கார் இன்னொன்றைக் கடந்ததை. வானொலியைக் கேட்டவன் அறிந்ததோ வெற்றி கைமாற்றிக் கொடுக்கப்பட்டதை. குழுவின் கட்டளைப்படி இடம் மாறுவது அன்றைய விதிகளில் தடை; ஃபெராரி குழுவுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2016-இல் சில்வர்ஸ்டோனில் கியர்ப்பெட்டிக் கோளாறு பற்றி வானொலியில் அளவுக்கு மேல் அறிவுரை பெற்றார் என்று ரோஸ்பெர்க்குக்குப் பத்து நொடி தண்டனை கிடைத்து, இரண்டாமிடம் மூன்றாமிடமாயிற்று. ஆகவே பேச்சும் பந்தயத்தின் ஓர் உறுப்பே. அதைக் கேட்க விரும்புவதை வெறும் ஒட்டுக்கேட்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்த ஆசைக்கு முழுமையாகக் கதவு திறந்துவிட்ட நாடு அமெரிக்கா. அங்கே நாஸ்கார் பந்தயங்களில் ரசிகர்கள் ஸ்கேனரோடுதான் வருவார்கள். இல்லாதவர்களுக்குத் திடலிலேயே வாடகைக்குக் கிடைக்கும். எந்தக் கார் எந்த அதிர்வெண்ணில் பேசுகிறது என்ற பட்டியல் வெளிப்படையாகப் புழங்குகிறது. கார் எண் 24 என்றால் அதன் அதிர்வெண்ணை ஸ்கேனரின் 24-ஆம் எண்ணிலேயே பதிந்து வைத்துக்கொள்வது அங்குள்ளோர் வழக்கம். திடலின் உச்சியில் நின்றுகொண்டு, பக்கத்தில் வண்டி வருகிறது, விலகிவிட்டது என்று ஓட்டுநருக்கு விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும் 'ஸ்பாட்டர்' ஒருவர் ஒவ்வொரு காருக்கும் உண்டு. அவர் குரலைக் கேட்டுக்கொண்டே அந்தக் காரைப் பார்ப்பது தனிச் சுவை என்று கூறுவர்.

அத்தகைய இடத்துக்குக் கருவி தேர்ந்தெடுப்பது கடினமான காரியமன்று. நம்மவர்கள் முதலில் நோக்குவது எத்தனை எண்கள் பதியலாம் என்பதையே. அது அவ்வளவு முக்கியமில்லை. நாற்பது கார்கள் ஓடும் பந்தயத்துக்கு ஐந்நூறு நினைவிடங்கள் எதற்கு? முக்கியமானவை வேறு. ஒன்று, கருவி எந்த எந்த அதிர்வெண் பகுதிகளைப் பிடிக்கும் என்பது. பந்தயக் குழுக்கள் பெரும்பாலும் 450 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் குறுகிய அலைவரிசையில் பேசுகின்றன. யுனிடென் நிறுவனத்தின் பிசி-125-ஏடி என்ற கருவி 400 முதல் 512 வரை பிடிக்கும். ஆனால் 380-க்கும் 400-க்கும் இடையே செவிடு. ஐகாம் ஆர்-6 என்பது நடு அலை வானொலியிலிருந்து 1300 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும்; பந்தயமில்லாத நாளில் திருநெல்வேலி வானொலியையும் கேட்கலாம். இன்னொன்று, தேடும் வேகம். அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துப் பேச்சு இருக்கும் இடத்தில் நிற்பதுதானே ஸ்கேனரின் வேலை? நாற்பது இடங்களைச் சுற்றி வர இரண்டு நொடி எடுத்தால், 'உள்ளே வா' என்ற இரண்டே சொல் பேச்சு நம்மைத் தாண்டிப் போய்விடும். பிறகு, பேச்சில்லாத போது இரைச்சலை அடைத்துவைக்கும் ஸ்குவெல்ச் திருகு கைக்கு எளிதாக எட்ட வேண்டும். சாதாரண ஏஏ மின்கலத்தில் ஓடுவது நல்லது. மின்கலம் தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். இவ்வளவே. மற்றவை விளம்பரம்.

ஆனால் மிகப் பெரிய தடை ஒன்றுண்டு. பேச்சு எண்முறைக் குறியீடாக மாற்றப்பட்டிருந்தால் பழைய வகை ஸ்கேனரில் சளசள என்ற ஓசை மட்டுமே கேட்கும். அதையும் பூட்டிட்டு மறைத்திருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியானாலும் பயனில்லை. ஃபார்முலா ஒன் குழுக்களின் பேச்சு அப்படிப் பூட்டப்பட்டதே. நொய்டா அருகே புத்த சர்வதேசத் திடலில் 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகள் நடந்த இந்திய கிராண்ட் பிரீக்கு ஒருவன் ஸ்கேனர் தூக்கிக்கொண்டு போயிருந்தால் வீண் சுமையைத்தான் சுமந்திருப்பான். தொலைக்காட்சியில் நாம் கேட்கும் ஓட்டுநர் பேச்சு, பந்தய நிர்வாகமே தேர்ந்து வெளியிடுவது.

இனி நம் திடல்களுக்கு வருவோம். சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில், 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களைப் பார்க்கப் பெருங்கூட்டம் திரண்டது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான திடல் வந்தது. கோவைச் செட்டிப்பாளையத்தில் இருப்பது, இந்தியப் பந்தயக் கார்களின் தந்தை என்று சொல்லத்தக்க கரிவரதன் நினைவாகப் பெயர் பெற்ற திடல். நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார், அவர் கோவைக்காரர். இத்தனை பெருமையுள்ள தமிழ்நாட்டில், பந்தயம் பார்க்கப் போகிறவன் காதுக்கு என்ன கிடைக்கிறது? ஒலிபெருக்கி. அதுவும் இயந்திர இரைச்சலில் பாதி கரைந்துபோகும். மோட்டார் சைக்கிள் பந்தயமென்றால் ஓட்டுநர்க்குச் செய்தி சொல்வதே நெடுங்கால வழக்கப்படி சுவரோரம் நீட்டிக் காட்டும் பலகைதான். அங்கே ஸ்கேனருக்கு வேலையே இல்லை. கார்ப் பந்தயத்தில் குழுக்கள் பேசிக்கொள்ளலாம். ஆனால் அமெரிக்காவில்போல் அதிர்வெண் பட்டியலைக் கையில் கொடுத்துக் கேளுங்கள் என்று சொல்லும் வழக்கம் இங்கே வேர் விடவில்லை. அனுமதியாகக் கொடுக்காததை நாமாகத் தேடிப் பிடிப்பதற்கும், கொடுத்ததைக் கேட்பதற்கும் வேறுபாடு இல்லையா?

சட்டம் அந்த வேறுபாட்டைக் கண்டிப்பாகவே பார்க்கிறது. நம் நாட்டில் வானொலிக் கருவியை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும் என்பது 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கொள்கை. வீட்டு வானொலிப் பெட்டிக்குக்கூட ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் கட்டி, சிறு புத்தகத்தில் முத்திரை பெற்ற காலத்தை நம் தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்போம். பாட்டும் செய்தியும் கேட்கும் பெட்டிக்கு அத்தளை 1980-களில் நீங்கியது. பிறர் பேச்சைத் தேடும் கருவிக்கு நீங்கவில்லை. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, உரிமையின்றிச் செய்தியை இடைமறிப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. விடுதிக் கட்டணத்துக்கே ஊருக்கு எழுதிக் காத்திருக்கும் நமக்கு இரண்டு கோடியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

இவ்வளவையும் கேட்டபின்னும் நண்பர் ஒருவர் சொன்னார்: ஸ்கேனர்தானே கிடைக்காது, இணையக் கடையில் சீன வாக்கி-டாக்கி மலிவாகக் கிடைக்கிறதே, அதையே வாங்கி வெறுமனே கேட்டால் என்ன? என் கருத்தில் எல்லாவற்றிலும் கேடான யோசனை இதுதான். வாக்கி-டாக்கி கேட்பதோடு நிற்பதன்று, பேசவும் வல்லது. பக்கவாட்டில் இருக்கும் பொத்தானைக் கூட்டத்தில் யாரோ இடித்தாலே அலை வெளியேறும். பந்தயத் திடலில் கொடி காட்டும் மார்ஷல்களும் மருத்துவ வண்டியும் கட்டுப்பாட்டு அறையும் ஒருவரையொருவர் நம்பியிருப்பது வானொலியை. வளைவில் ஒரு கார் கவிழ்ந்து கிடக்கிறது, சிவப்புக் கொடி காட்டு என்ற சொல் போகும் நொடியில், நம் பையில் கிடந்த கருவி அதே அலைவரிசையில் அழுந்தினால் அந்தச் சொல் போய்ச் சேராது. அடுத்து வரும் கார் நிற்காது. வேடிக்கை பார்க்க வந்தவன் ஓர் உயிருக்கு உலை வைத்துவிட்டு, தான் செய்தது என்னவென்றே தெரியாமல் ஊர் திரும்புவான். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த ஆற்றலில் மட்டும் இயங்கும் வாக்கி-டாக்கிக்கு இங்கே உரிமம் வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் மலிவு என்று விற்பவற்றுள் பல அந்த எல்லைக்குள் அடங்குபவை அல்ல. இவற்றை இணையத்தில் விற்பவர்கள் அதிர்வெண்ணையும் உரிமத் தேவையையும் சொல்லியே விற்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் நெறிமுறை வகுக்க நேர்ந்ததே இந்தக் குழப்பத்தினால்தான். ஆகவே, எந்தக் காலத்தில் எவ்வழியில் வாங்கினாலும் பேசும் பொத்தான் இல்லாத கருவியையே வாங்குங்கள். கேட்க விரும்புகிறவனுக்கு வாய் எதற்கு?

கருவியைவிட முதலில் வாங்க வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. காதை முழுவதும் மூடும் கனமான ஹெட்போன். ஐந்தருவிக்குக் கீழே நின்றுகொண்டு பக்கத்திலிருப்பவரிடம் எண்ணெய் பாட்டிலைக் கேட்டுப் பாருங்கள், கத்தினால்தான் கேட்கும். பந்தயத் திடலிலும் அதுவே நிலை. ஆனால் அருவி ஓசை காதைக் குளிர்விக்கும். இயந்திர ஓசை காதைத் தின்னும். 85 டெசிபல் ஓசையை ஒரு நாளில் எட்டு மணி நேரம் தாங்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்கு. நாமே கூட்டிப் பார்ப்போம்: 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று, 97-க்கு அரை, 100-க்குக் கால்மணி. சிறு செவிக்குமிழைச் செருகிக்கொண்டு ஸ்கேனரைக் கேட்பவன் என்ன செய்கிறான்? வெளி இரைச்சலை வெல்ல ஒலியை மேலும் கூட்டுகிறான். இரைச்சலும் உள்ளே, பேச்சும் உள்ளே. வெளியோசையை இருபது டெசிபலுக்கு மேல் தடுக்கும் மூடியுள்ள ஹெட்போன் இருந்தால் மெல்லிய ஒலியிலேயே பேச்சு தெளியும். வானொலியே இல்லாமல் போகிறவர்களும் காதடைப்பானாவது கொண்டு போக வேண்டும். மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. கேட்கும் ஆசையில் போய்க் கேட்கும் புலனையே இழந்து வருவது என்ன கணக்கு?

இங்கே உள்ளூர்ச் செய்தி ஒன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. பந்தயம் ஆண்டுக்கு ஓரிரு முறைதானே, மற்ற நாட்களில் குற்றாலச் சீசனில் காவலர் பேசுவதைக் கேட்கலாமே என்று கண் சிமிட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்து பதினேழு வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நேரத்தில் காவலரும் தீயணைப்பு வீரரும் பேசிக்கொள்வதை அரைகுறையாகக் கேட்டு, வாட்ஸப்பில் அரைகுறையாகப் பரப்பினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. வெள்ளம் வருவதை மக்களுக்குச் சொல்ல வேண்டியது அபாயச் சங்கு. நம் ஸ்கேனர் அன்று.

அப்படியானால் ஒன்றுமே கேட்கக் கூடாதா? கேட்கலாம், நேர்வழி ஒன்று திறந்தே இருக்கிறது. 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலி உரிமத்துக்குப் பன்னிரண்டு வயது நிரம்பினாலே விண்ணப்பிக்கலாம். வானொலியின் அடிப்படையும் விதிகளும் தேர்வில் கேட்கப்படுகின்றன. நம் இளநிலை இயற்பியல் பாடத்தில் பாதி வந்துவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானில் தொடர்புகள் அறுந்துபோக, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் வானொலிப் பெண்மணியின் குழு செய்திகளைக் கடத்தி உதவியதைப் படித்திருப்பீர்கள். பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து அமெச்சூர்களுக்காக 145.800 மெகாஹெர்ட்ஸில் வரும் ஒலியை, அது நம் தலைக்கு மேல் கடக்கும் சில நிமிடங்களில் சிறு ஆண்டெனாவாலேயே பிடிக்கலாம். குற்றால மலையடிவாரத்தில் மேற்கு வானத்தை மலை மறைக்கும். தென்காசிக்குக் கிழக்கே வயல்வெளிக்குப் போய்விட்டால் வானம் அகலமாகக் கிடைக்கும். ஓர் ஓட்டுநர் சக்கரம் தேய்ந்துவிட்டது என்று புலம்புவதைவிட விண்வெளி வீரர் பேசுவது குறைந்த சுவையா? அவரவர் ருசி. நான் இரண்டையும் கேட்க விரும்புகிறவன்.

எனவே நம் இயற்பியல் துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரியில் அமெச்சூர் வானொலி மன்றம் ஒன்று தொடங்குங்கள். உரிமம் பெற்றபின் மன்றத்தின் பெயரில் நல்ல பெறுகருவி ஒன்று வாங்கினால் போதும், ஆளுக்கொன்று வேண்டாம். பந்தயத்துக்குப் போகிறவர்கள் அங்கே கேட்க அனுமதி இருக்கிறதா என்று அமைப்பாளர்களுக்கு மன்றத்தின் தாளில் எழுதிக் கேட்கலாம். இல்லை என்று பதில் வந்தால் கருவி ஊரிலேயே இருக்கட்டும்.

பந்தய அமைப்பாளர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பிரான்சின் லெமான் பந்தயத்தில் திடலுக்கென்றே பண்பலை வானொலி இயங்குகிறது, சில்வர்ஸ்டோனிலும் அப்படியே. சாதாரண வானொலிப் பெட்டி போதும், எல்லோரும் கேட்கலாம். கைப்பேசியில் வரும் நேரலை அரை நிமிடம் வரை பிந்தி வரும். கண்முன்னே கார் போய்விட்டபின் அது வருகிறது என்று சொல்லும். பண்பலை அப்படிப் பிந்தாது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி 2004 பிப்ரவரி முதல் 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலித்து வருவது. கிண்டியிலிருந்து தீவுத்திடல் பத்துக் கிலோமீட்டர்த் தொலைவை ஒட்டியதே. பந்தய நாட்களில் தமிழ் வருணனையும், குழுக்கள் இசைந்தால் அவர்களுடைய பேச்சில் சில பகுதியும் அங்கே ஒலிபரப்ப முயலலாம். வருணிக்க ஆளில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நம் தமிழ்த்துறையிலும் இயற்பியல் துறையிலும் சேர்த்துத் தேடினால், சக்கரத்தையும் தெரிந்து சொல்லையும் தெரிந்த இரண்டு பேர் கட்டாயம் கிடைப்பார்கள். பொதிகை வண்டிக்குப் பயணச்சீட்டு மட்டும் யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும்.